மாலை கழற்றிய பிறகு

என் கணவருக்கு ஐயப்ப மாலை போட ஏற்பாடு செய்தவள் நான்தான். எனக்கு அப்போது பக்தி என்று ஒன்றும் கிடையாது. மாலை போட்டவர் குடிக்க மாட்டார் என்று ஊரில் சொன்னார்கள், அது போதுமானதாக இருந்தது.

அவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கல்லை ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டு மறுபடியும் சுரங்கத்துக்குப் போக வேண்டும். எத்தனை நடை அடிக்கிறாரோ அத்தனை காசு. அந்த வேலையில் குடிக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆரம்பத்தில் வேலை முடிந்த பிறகு குடித்தார். போகப்போகக் கடைசி நடைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். இரண்டாயிரத்து ஒன்றில், ஐப்பசி மழையில், சுரங்கத்துச் சரிவில் அவருடைய லாரி பின்பக்கமாக நழுவி, பள்ளத்தின் விளிம்பில் ஒரு டயர் அந்தரத்தில் தொங்க நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த மனுஷன் ஒரு நாள் லாரியோடு பள்ளத்துக்குள் போவார், இல்லையென்றால் ரோட்டில் போகிற யார் மேலாவது ஏற்றிவிட்டு ஜெயிலுக்குப் போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் நான் அவரைக் குடியிலிருந்து பிடித்து இழுத்தாக வேண்டும்.

லாரி முதலாளி சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "மாலையப் போட்டுக்கிட்டு வா, சாவி தரேன். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த முதலாளி எனக்குச் செய்த உபகாரம் அவருக்கே தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரம்பலூரில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் சாமி படமே கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மட்டும் உடம்புக்கு நல்லது என்று அனுமதிப்பார். என் கல்யாணத்தில் தாலி கட்டியது மாப்பிள்ளை வீட்டாரின் பிடிவாதம், ஐயர் வராதது அப்பாவின் பிடிவாதம். நான் இரண்டுக்கும் நடுவில் கழுத்தை நீட்டினேன். ஆகவே விரதம் என்றால் என்ன, விளக்குக்குத் திரி எப்படிப் போடுவது என்பதெல்லாம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்தான் அந்தப் பக்கத்து ஐயப்பசாமிகளுக்குக் குருசாமி. வருஷா வருஷம் ஆட்களுக்கு மாலை போட்டு மலைக்கு அழைத்துப் போகிறவர். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏங்க, மாலை போட்டா நெசமாவே குடிக்க மாட்டாங்களா?"

"கழுத்துல கெடக்கற வரைக்கும் தொட மாட்டாங்கம்மா. கழட்டின அன்னிக்கே ஊத்திக்கிற ஆளும் இருக்கு. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"ஒரு மண்டலம் தொடாம இருந்தாப் போதுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய்த்துடுக்கு என்று நினைத்திருப்பார். எனக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெருவில் உண்டு.

கார்த்திகை முதல் நாள் மாலை ஏறியது. முதல் தடவை மாலை போடுகிறவர் என்பதால் இவர் கன்னிசாமி. குருசாமி விதிகளை வரிசையாகச் சொன்னார். விடியுமுன் தலைக்குக் குளிக்க வேண்டும், காலையிலும் மாலையிலும் விளக்கேற்றிச் சரணம் சொல்ல வேண்டும், கவுச்சி வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, சாமிக்குத் தட்டும் பாயும் தனி. இவற்றோடு, "வெங்காயம் பூண்டு சேக்காம இருந்தா நல்லது", "செருப்பு போடாம இருந்தா விசேசம்" என்று பேச்சுவாக்கில் வேறு பலவும் சொன்னார். எது விதி, எது யோசனை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் விதியாகவே எடுத்துக்கொண்டேன். எங்கேயாவது ஓர் ஓட்டை விட்டால் குடி அதன் வழியாக உள்ளே வந்துவிடும் என்ற பயம்.

பூண்டை மட்டுமல்ல, பூண்டு வைத்திருந்த கூடையையும் வெளியே போட்டேன். வெறுங்காலோடு லாரி ஓட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்த அன்று, காற்று இந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். டீக்கடையில் முட்டை போண்டா போட்ட எண்ணெயில் வடை போட்டிருப்பார்கள் என்று அவருக்கு வடையையும் நிறுத்தினேன். அவர் குருசாமியிடம் போய் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். குருசாமியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, மாலை போட்டிருக்கறது அவரு. ஐயப்பனே இவ்ளோ கண்டிசன் போட மாட்டாரும்மா."

"அவருக்கு எம்புருசனப் பத்தித் தெரியாதுங்க" என்றேன்.

மாலை போட்டவரை வீட்டில் எல்லாரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் என்னை 'மாளிகைப்புறம்' என்று கூப்பிட வேண்டும். நாங்கள் சண்டைக்குப் பேர்போன புருஷன் பெண்டாட்டி. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? "சாமி, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க சாமி" என்று ஒரு நாள் கத்தினேன். அவர் "சரிங்க மாளிகைப்புறம்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஆனால் விளக்கேற்றும் வேலை எனக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. விடிய நேரம் இருக்கும்போதே எழுந்து, குளத்துத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்கும் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வேன். வீட்டைத் துடைத்துவிட்டு, அலமாரியில் புதிதாக வாங்கி வைத்த ஐயப்பன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவேன். திரி எண்ணெயில் மூழ்கி அணைந்து போகும். மறுபடியும் ஏற்றுவேன். அவர் சரணம் சொல்லும்போது பின்னால் சும்மா நிற்பேன். ஆள் இல்லாத ரேஷன் கடை ஜன்னலுக்கு முன்னால் பையோடு நிற்பது போலத்தான் இருக்கும். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்ற நினைப்பு வேறு.

இருந்தாலும் ஒரு நாள்கூட விடவில்லை. பிடிவாதம் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். ராத்திரி வெகு நேரம் கூலிக்கு ஜாக்கெட் தைத்துவிட்டுப் படுத்தாலும் காலையில் முதலில் எழுவது நான்தான். கைக்குத் திரி பழகியது. எவ்வளவு எண்ணெய் ஊற்றினால் அவர் சாப்பிட்டுக் கிளம்பும்வரை எரியும் என்பது பழகியது. மனசு மட்டும், குடி நிற்குமா நிற்காதா என்பதிலேயே இருந்தது.

ஒரு நாள் காலையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனியில் வண்டி ஓட்டியதால் குரலே வரவில்லை. என்னைப் பார்த்து, நீ சொல் என்று சைகை காட்டினார். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. பாதி சொல்லும்போது தொண்டை அடைத்தது. ஏன் என்று தெரியவில்லை. அவருக்கு வந்த சளி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்றே அன்றைக்கு நினைத்தேன்.

மாதாமாதம் வரும் அந்த மூன்று நாளும் மாலை போட்டவர் இருக்கும் வீட்டில் நான் இருக்கக் கூடாது. இந்த விதிமேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். ஆனால் ஓட்டை விடக் கூடாது என்று முடிவு செய்தவள் ஆயிற்றே. அவருக்குக் குருசாமி வீட்டில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போனேன். அப்பா வாசலிலேயே கேலியை ஆரம்பித்தார்.

"மாப்ள கறுப்பு வேட்டி கட்டியிருக்காராமே? நம்ம கட்சிக்கு வந்துட்டாரா?"

"குடிக்காம இருக்காருப்பா. அதப் பாருங்க."

"குடிய விடறதுக்குப் புத்தி போதும்மா. கழுத்துல எதுக்குக் கொட்டைய மாட்டிக்கிட்டு?"

"புத்தி இருந்தா நான் எதுக்கு இந்தப் பாடு படறேன்?"

அப்பா சிரித்துவிட்டார். மறுநாள் விடியுமுன் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து குளித்தேன். குளித்துவிட்டு அடுக்களைக்குள் வந்து நின்றேன். செய்ய ஒன்றும் இல்லை. எதிரே வெறும் சுவர். கை இரண்டும் எங்கே போவது என்று தெரியாமல் முன்னால் வந்து சேர்ந்து நின்றன. அப்பா எழுந்து வந்து பார்த்தார்.

"என்னாம்மா தேடற?"

"தீப்பெட்டிப்பா."

"அடுப்பு பத்த வக்கவா?"

"ம்."

அப்பாவிடம் நான் பொய் சொன்னது அபூர்வம். அன்றைக்கு ஏன் சொன்னேன் என்றால், ஒரு படத்தையும் ஒரு விளக்கையும் நான் தேடுகிறேன் என்பதை அவரிடம் சொல்லவும் வெட்கம், எனக்கே ஒப்புக்கொள்ளவும் வெட்கம்.

திரும்பி வந்தபோது அவர் விளக்கைச் சரியாகவே பார்த்து வைத்திருந்தார். கண்ணில் இருந்த சிவப்பு வெளுத்திருந்தது. முகத்தில் இருந்த வீக்கம் போயிருந்தது. சம்பளம் முழுசாக வீட்டுக்கு வந்தது. கன்னிசாமி மற்றச் சாமிகளை வீட்டுக்கு அழைத்துப் பூஜை வைத்துச் சாப்பாடு போட வேண்டும், அதற்கு அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தோம். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் எதிர்வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. அரும்பாவூரில் அவருடைய பெரியப்பா இறந்துவிட்டார். அவரைத் தூக்கி வளர்த்தவர். போகாமல் இருக்க முடியாது. குருசாமி கடையைச் சாத்திவிட்டு வந்தார். மாலையைக் கழற்ற வேண்டும் என்றார்.

"பெரியப்பாதானே சாமி? பெத்த அப்பா இல்லியே?" என்றேன்.

"பங்காளி வூட்டுச் சாவும்மா. இந்த வருசம் மலை கெடையாது."

"தீட்டு நமக்குத்தான். சாமிக்கு எப்புடிங்க ஒட்டும்?"

அது அப்பாவின் கேள்வி. என் வாயில் அப்படியே வந்தது. குருசாமி தெருமுனைப் பிள்ளையார் முன்னால் இவரை நிறுத்தி, ஒரு சரணம் சொல்லி, கழுத்திலிருந்து மாலையைக் கழற்றித் தட்டில் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "கருமாதி முடியற வரைக்கும் வூட்டுல வெளக்கு ஏத்தக் கூடாதும்மா. படத்துக்கு ஒரு துணியப் போட்டு மூடிடுங்க" என்றார்.

மாலை இல்லாத அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அரும்பாவூரில் அடக்கம் முடிந்தது. ஆண்கள் எல்லாரும் வைக்கோல் போருக்குப் பின்னால் போனார்கள். துக்க வீட்டில் அது வழக்கம். "மாலதான் இல்லியே, வாடா" என்று ஒரு பங்காளி இவரைக் கூப்பிடுவது என் காதில் விழுந்தது. நான் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் தடுக்க முடியாது. அவர் என் பக்கம் ஒரு முறை பார்த்தார், பிறகு போனார்.

மறுநாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்த நாற்றம் அப்படியே அடித்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரியலூர் வரை அழுதேன். சாவு வீட்டிலிருந்து வருகிறவள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சொன்னபடியே படத்தைத் துண்டால் மூடினேன். அடுத்த நாள் விடியுமுன் வழக்கம்போல் விழிப்பு வந்தது. இனி எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மாலை இல்லை, விரதம் இல்லை. விளக்கும் ஏற்றக் கூடாது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுந்தேன். தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீட்டைத் துடைத்தேன். மூடிய படத்துக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். இத்தனை நாள் ஒரு குறை வைத்தேனா, பூண்டுக் கூடையைக்கூடத் தூக்கி எறிந்தேனே, எனக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். தெருக்குழாயில் கேட்பது மாதிரிதான் கேட்டேன்.

மறுநாளும் அதே சண்டை. அவர் தினமும் குடித்துவிட்டு வந்தார். சாவி மறுபடியும் முதலாளி கைக்குப் போனது. நான் தினமும் எழுந்து, குளித்து, உட்கார்ந்து, திட்டினேன். எத்தனை நாள்தான் ஒரே திட்டைத் திட்டுவது? ஒரு நாள் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. கேட்கவும் ஒன்றும் இல்லை. அவருடைய குடியைப் பற்றிக்கூட வாய் வரவில்லை. அப்போது எழுந்து போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. துண்டு போட்டு மூடிய படம், எரியாத விளக்கு, இவற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கத்தில் வந்தது இல்லை. எனக்கு அந்தச் சாமிமேல் பிரியம் வந்துவிட்டது. இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளக்கு எரிந்த நாளெல்லாம் வராதது, ஏற்றக் கூடாது என்று வைத்த நாளில் வந்தது.

அப்பாவிடம் பின்னால் இதைச் சொன்னபோது, "பழக்கம்மா. காலைக் காப்பி மாதிரி" என்றார். பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. கையும் காலும் பழகாமல் இருந்திருந்தால் அன்று விடியலில் நான் எழுந்தே இருக்க மாட்டேன். ஆனால் காப்பிக்காக நான் அழுததில்லை. கடைசிவரை அவர் கேலி செய்தார், நான் விளக்கேற்றினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்த அன்று துண்டை எடுத்துவிட்டு விளக்கேற்றினேன். அன்று சாயங்காலம் அவர் ஒரு கட்டிக் கற்பூரத்தோடு வந்து நின்றார். கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீற முடியாது என்பது ஊர் நம்பிக்கை. அவர் அதற்கு முன்னாலும் இரண்டு தடவை அணைத்து, இரண்டு தடவையும் மீறியிருந்தார்.

"இந்தா புள்ள, இனிமே தொட மாட்டேன். கற்பூரம் அணைச்சிச் சத்தியம் பண்றேன்."

"வேணாங்க."

"என்னா வேணாங்கற? நம்பலியா?"

"சத்தியம் வேணாம். விடியக்காலைல எந்திரிங்க. தண்ணிய ஊத்திக்கங்க. வந்து ஒக்காருங்க. அவ்வளவுதான்."

"மாலையே இல்ல, என்னாத்துக்கு?"

"எனக்கு மட்டும் இருந்துச்சா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கற்பூரத்தை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனார். குடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

இதைப் படிக்கிறவர்கள் அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவருடைய குடி முழுதாக நிற்க இரண்டாயிரத்து நான்கு ஆகிவிட்டது. அதற்குள் அவர் இரண்டு தடவை மாலை போட்டு மலைக்கும் போய் வந்துவிட்டார். நடுவில் விழுந்து விழுந்து எழுந்தார். எந்த நாளில் விட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. லாரி பள்ளத்துக்குள் போகவில்லை, அவர் யார் மேலும் ஏற்றவில்லை. எனக்கு முக்கியம் என்று தோன்றுவது, அவர் கற்பூரத்தை வைத்துவிட்டுப் போனதற்கு மறுநாள் காலை நடந்தது.

நான் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஈரக்காலின் சத்தம் கேட்டது. அவர்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குளித்திருந்தும் முந்தின நாள் குடித்த நாற்றம் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைக்கு ஜன்னல் சாத்தியவள் நான். இந்த நாற்றத்தோடு சாமிக்கு முன்னால் வராதீர்கள், எழுந்து போங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, பாயில் உட்காரத் துணியாமல் வெறும் தரையில் உட்காரப் போனார்.

நான் கொஞ்சம் நகர்ந்து அவருக்குப் பாயில் இடம் விட்டேன்.